உடைந்து வந்ததைத் திருப்பிக் கட்டுவது

இணையத்தில் வாங்கிய பொருள் உடைந்து வந்தால் முதலில் கோபம் வரும். அடுத்து, அந்தக் கோபத்திலேயே பெட்டியைக் கிழித்து மூலையில் எறிவோம். கோபத்தால் நஷ்டம் இல்லை. பெட்டியை எறிவதால் உண்டு.

ராயப்பேட்டை போன்ற இடத்தில் அது இன்னும் சீக்கிரம் நடந்துவிடும். பீட்டர்ஸ் சாலைக்கும் லாயிட்ஸ் சாலைக்கும் நடுவில் உள்ள சந்துகளில் பெட்டி வைக்க யாரிடம் இடம் இருக்கிறது? காலையில் வந்த அட்டைப்பெட்டி சாயங்காலத்துக்குள் பழைய பேப்பர் கடையில் எடைத்தட்டில் ஏறிவிடும். மறுநாள் மிக்ஸியை ஓட்டிப் பார்க்கும்போதுதான் ஜாரின் அடியில் விரிசல் தெரியும். ஆகவே இந்த அத்தியாயத்தின் முதல் விதி: பொருளை இயக்கிப் பார்த்து, திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை பெட்டி வீட்டைவிட்டுப் போகக்கூடாது. கெடு பொருளுக்குப் பொருள், கடைக்குக் கடை மாறும். ஏழு நாளும் உண்டு, முப்பது நாளும் உண்டு. ஆர்டர் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். இடம் இல்லையென்றால் பெட்டியை அடியில் டேப்பை அறுத்துத் தட்டையாக மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். கிழிக்காமல் அறுத்தால் மறுபடி நிற்கும்.

இனி சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் ஒரே ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் அனுப்பும் பெட்டியைக் கடைசியில் திறக்கப்போகும் ஆள். ஸ்ரீபெரும்புதூர் பக்கமோ செங்குன்றம் பக்கமோ ஏதோ ஒரு கிடங்கில், மேசை முன்னால் நின்றபடி ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர் சேவையில் நீங்கள் அரை மணி நேரம் மன்றாடியது அவர் காதுக்கு எட்டாது. திரையில் அவருக்குத் தெரிவது 'சேதம்' என்ற ஒரு சொல். கையில் இருப்பது பெட்டி. எந்தச் சேதம் முதலிலேயே இருந்தது, எது திரும்பி வரும் வழியில் ஆனது என்று அவர் ஊகிக்க நேர்ந்தால், அந்த ஊகம் உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். நீங்கள் படத்தில் காட்டிய உடைப்பும் அவர் கையில் பார்க்கும் உடைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். திருப்பிக் கட்டும் கலை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

இரண்டு பெட்டிகள், இரண்டு வேலைகள்

பொருளோடு பொதுவாக இரண்டு பெட்டிகள் வரும். வெளியே பழுப்பு அட்டை. அது போக்குவரத்துப் பெட்டி. உள்ளே நிறுவனத்தின் பெயர், படம், எம்ஆர்பி, தயாரித்த மாதம், வரிசை எண் எல்லாம் அச்சிட்ட பெட்டி. ரிட்டர்ன் பெட்டியை எடுக்க வீட்டுக்கு வரும் பிக்கப் தம்பிகள் இதை 'பிராண்ட் பாக்ஸ்' என்பார்கள். பலர் செய்யும் தவறு, பழுப்புப் பெட்டியை எறிந்துவிட்டு, பிராண்ட் பெட்டியின் மேலேயே பிரவுன் டேப்பைச் சுற்றி, அதிலேயே ரிட்டர்ன் லேபிளையும் ஒட்டிவிடுவது. அந்த டேப்பை உரித்தால் பெட்டியின் மேல்தோல் கூடவே வரும். பிராண்ட் பெட்டியும் பொருளின் ஒரு பகுதி என்றுதான் பெரிய தளங்களின் விதிகள் கருதுகின்றன. கையேடு, உத்தரவாத அட்டை, சார்ஜர், விலைச் சீட்டு எல்லாம் அதற்குள் வந்தது வந்தபடி இருக்க வேண்டும் என்பார்கள்.

ஆகவே பிராண்ட் பெட்டியில் எதையும் ஒட்டாதீர்கள், பேனாவால் எழுதாதீர்கள், நூல் கட்டாதீர்கள். அதை அப்படியே இன்னொரு பெட்டிக்குள் இறக்கி, டேப்பும் லேபிளும் வெளிப்பெட்டியோடு நிற்கட்டும். வெளிப்பெட்டி பழையதாக இருக்கலாம்; ஆனால் அதில் முன்பு ஒட்டிய பார்கோடுகளைக் கறுப்பு மார்க்கரால் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிரித்தனுப்பும் மையத்தில் இயந்திரம் பழைய கோட்டைப் படித்து, பெட்டி இன்னொரு ஊருக்கு யாத்திரை போய்விடும்.

கட்டுவதற்கு முன்னால் படம்

விலை உயர்ந்த பொருளோ கண்ணாடிப் பொருளோ வந்தால், டேப்பை அறுப்பதற்கு முன்பே செல்போனில் வீடியோவை ஓடவிட்டுத் திறப்பது நல்லது. இன்ஸ்டாகிராமில் விற்கும் சிறு கடைகள் பல, வெட்டில்லாத வீடியோ இல்லையென்றால் புகாரையே ஏற்பதில்லை என்று முன்கூட்டியே எழுதிவிடுகின்றன. அந்த நிபந்தனை எல்லா இடத்திலும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீடியோ இருந்தால் பாதி வாக்குவாதம் மிச்சம்.

வீடியோ இல்லாவிட்டாலும் புகைப்படங்கள் போதும். வெளிப்பெட்டியின் நசுங்கிய மூலை, முகவரி லேபிள், திறந்ததும் உள்ளே பொருள் கிடந்த கோலம், எந்த மெத்தை வைத்திருந்தார்கள் அல்லது வைக்கவில்லை என்பது, பிராண்ட் பெட்டியின் ஆறு பக்கங்கள், பொருளின் வரிசை எண், கடைசியாக உடைப்பு: அருகிலிருந்து ஒன்று, முழுப் பொருளும் தெரிய ஒன்று. உள்ளே கிடந்த கோலத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உடைப்புக்கு யார் பொறுப்பு என்பதற்கு அதுதான் சாட்சி. பீங்கான் தட்டை ஒரே ஒரு தாள் சுற்றி, பெரிய பெட்டிக்குள் உருளவிட்டு அனுப்பியிருந்தால், அந்தப் படம் ஒன்றே வழக்கை முடித்துவிடும்.

உடைந்த துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். சிறு சில்லுகளைக்கூட ஒரு ஜிப் கவரில் போட்டு, அதைத் தாளில் சுற்றிப் பொருளோடு வையுங்கள். கண்ணாடி என்றால் கவரின் மேல் 'உடைந்த கண்ணாடி, கை ஜாக்கிரதை' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். திறப்பவருக்கும் விரல்கள் உண்டு. பசை போட்டு ஒட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஒட்டிய பொருள் 'பயன்படுத்தியது' ஆகிவிடும்.

எதில் கட்டுவது

நெளிவு அட்டைக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் வயது. 1871இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் பாட்டில்களையும் விளக்குச் சிம்னிகளையும் சுற்றுவதற்காக அதற்குக் காப்புரிமை வாங்கினார். நம் பிரச்சினைக்காகவே பிறந்த பொருள் என்று சொல்லலாம். இரண்டு தட்டைத் தாளுக்கு நடுவில் ஒரு நெளிவு இருந்தால் மூன்றடுக்கு. இரண்டு நெளிவு இருந்தால் ஐந்தடுக்கு. கடையில் 'த்ரீ ப்ளை, ஃபைவ் ப்ளை' என்று கேளுங்கள். துணி, புத்தகம், செருப்புக்கு மூன்றடுக்கு போதும். மிக்ஸி, குக்கர், கிரைண்டர் என்றால் ஐந்தடுக்கு. பெட்டியின் நெளிவுகள் நின்ற வாக்கில் இருக்கும்போதுதான் மேலே வரும் பாரத்தைத் தாங்கும். பெட்டியைச் சாய்த்து வைத்துக் கட்டினால் வலுவில் பெரும்பகுதி போய்விடும்.

புதுப்பெட்டி, பபிள் ஷீட், டேப் மொத்தமாக வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கம் போக வேண்டும். ஒரே ஒரு பொருளைத் திருப்பி அனுப்ப அவ்வளவு தூரம் தேவையில்லை. ஜாம்பஜார் பக்கத்து மளிகைக் கடையில் காலிப்பெட்டி கேட்டால் தருவார்கள்; சோப்புப் பெட்டியும் பிஸ்கட் பெட்டியும் நல்ல கெட்டி. எண்ணெய் பாக்கெட் வந்த பெட்டியை மட்டும் வாங்காதீர்கள், கசிவு அட்டையில் ஊறியிருக்கும். பழைய பேப்பர் கடையில் தடுப்பு வைத்த மதுப்புட்டிப் பெட்டி கிடைக்கும். கண்ணாடி டம்ளர்களைத் திருப்பி அனுப்ப அதைவிடப் பொருத்தமான பெட்டி இல்லை. வெளியே பழுப்புத் தாளைச் சுற்றிவிடுங்கள், வழியில் யாரும் வேறு நினைப்பில் திறந்து பார்க்காமல் இருப்பார்கள்.

பபிள் ஷீட்டின் கதை வேடிக்கையானது. 1957இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஆல்பிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாகத்தான் அதை உருவாக்கினார்கள். சுவரில் யாரும் ஒட்டவில்லை; பொட்டலம் கட்ட உதவியது. சுற்றும்போது குமிழிகள் பொருளைப் பார்த்து உள்பக்கம் இருக்கட்டும். வழவழப்பான பக்கம் வெளியே. குமிழி வெளியே இருந்தால் பெட்டியின் ஓரத்தில் உரசியே உடைந்து காற்று இறங்கிவிடும்.

உள்ளே எப்படி வைப்பது

மயிலாப்பூர், ராயப்பேட்டை வீடுகளில் கொலு பொம்மையைப் பரணில் ஏற்றும் பாட்டிக்கு இந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. விஜயதசமிக்கு அப்புறம் அவர் செய்வதைப் பாருங்கள். முதலில் பழைய மல்வேட்டித் துண்டு, அப்புறம் தாள். கிருஷ்ணனின் புல்லாங்குழலுக்கும் விரலுக்கும் நடுவில் தனியாகப் பஞ்சு. பொம்மை பெட்டியின் அடியைத் தொடாது, பக்கத்தைத் தொடாது, இன்னொரு பொம்மையையும் தொடாது. கனமான தசாவதாரப் பலகை கீழே, காகிதக்கூழ் பொம்மை மேலே. மூடிய பிறகு பெட்டியைக் காதருகே வைத்து லேசாக ஆட்டுவார். சத்தம் வந்தால் திறந்து இன்னும் தாளைத் திணிப்பார்.

கூரியர்காரர்கள் சொல்லும் விதிகளும் இவைதான், அளவு மட்டும் சேர்த்துச் சொல்வார்கள்: பொருளுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் மெத்தை. அடியில் முதலில் மெத்தை, பிறகு பொருள், பிறகு பக்கங்கள், கடைசியாக மேல். செய்தித்தாளைத் தட்டையாக மடித்து வைத்தால் மெத்தை ஆகாது; கசக்கி உருண்டையாக்க வேண்டும். வெள்ளைப் பீங்கான், வெள்ளைத் துணி என்றால் அச்சு மை ஒட்டும், முதல் சுற்று வெறும் தாளாக இருக்கட்டும். முட்டை அட்டை நன்றாக அதிர்ச்சி தாங்கும், ஆனால் உடைந்த முட்டை ஒட்டாத அட்டையாகப் பாருங்கள். எறும்பு ஏறிய பெட்டியைப் பிக்கப் தம்பி தொடமாட்டார். வைக்கோல் வேண்டாம், பூச்சி வரும்.

பொருள்தான் ஏற்கெனவே உடைந்துவிட்டதே, இவ்வளவு பாதுகாப்பு எதற்கு என்று தோன்றலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மூடியில் விரிசலோடு வந்த குக்கரை அலட்சியமாகக் கட்டி அனுப்பினால், கிடங்கில் அது கைப்பிடியும் உடைந்து, உடலும் நசுங்கிப் போய்ச் சேரும். அங்கே திறப்பவருக்கு 'மூடியில் விரிசல்' என்ற புகாரும் நசுங்கிய குக்கரும் பொருந்தவில்லை. புதுப் பொருளைக் கட்டும்போது இருக்கும் கவனத்தைவிட, உடைந்த பொருளைக் கட்டும்போது கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

டேப் இரண்டு அங்குல அகலம். நடுக்கோட்டில் ஒன்று, இரண்டு ஓர விளிம்புகளிலும் ஒவ்வொன்று, மேலும் கீழும். நடுக்கோட்டில் மட்டும் ஒட்டிய பெட்டியின் ஓரங்கள் பாரத்தில் வாய் திறக்கும். செலோ டேப்பும் மின்சார வேலைக்கான கறுப்பு டேப்பும் பெட்டிக்கு உதவாது. சணல், பிளாஸ்டிக் கயிறு எதுவும் கட்டாதீர்கள். பிரித்தனுப்பும் பெல்ட்டில் சிக்கி இழுபடும். 'ஃப்ராஜைல்' ஸ்டிக்கரை ஒட்டலாம், தப்பில்லை. ஆனால் அதை நம்பிக் கட்டாதீர்கள். பெல்ட்டுக்குப் படிக்கத் தெரியாது. இடுப்பு உயரத்திலிருந்து நழுவி விழுந்தாலும் தாங்குமா என்பது மட்டும்தான் கேள்வி.

சில தொல்லைப் பொருட்கள்

டேபிள் டாப் கிரைண்டர்: கல் உருளைகளைப் பாத்திரத்துக்குள்ளேயே விட்டுக் கட்டுவதுதான் வழக்கமான விபத்து. ஒரு குலுக்கலில் கல் பாத்திரத்தின் பக்கத்தைக் குழியாக்கிவிடும். உருளைகளைக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி, பாத்திரத்துக்கு வெளியே, பெட்டியின் அடித்தளத்தில் வையுங்கள். மாவு தோய்ந்திருந்தால் கழுவி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத்தான் கட்ட வேண்டும். ஈரக் கல் பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும்.

தொலைக்காட்சி: இதற்கு நீங்கள் கட்ட முயலவே வேண்டாம். அதற்கென்று வார்த்த தெர்மாகோல் மூலைகளை வைத்திருந்தால் போதும், வருகிறவர்கள் கட்டிக்கொள்வார்கள். அவை இல்லாவிட்டால்தான் தகராறு. திரையைப் படுக்க வைக்கக்கூடாது, எப்போதும் நின்ற வாக்கில்.

செல்போன்: சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள். பிறகு கூகுள் கணக்கிலிருந்தோ ஆப்பிள் கணக்கிலிருந்தோ வெளியேறி, தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்யுங்கள். 'ஃபைண்ட் மை' பூட்டோடு போன ஐபோன் அங்கே வெறும் செங்கல், திருப்பித்தான் வரும். திரை உடைந்து போனே இயங்கவில்லை என்றால், கணினியில் உங்கள் கணக்கைத் திறந்து அங்கிருந்து அந்தக் கருவியை நீக்கலாம். பெட்டியில் அச்சிட்ட ஐஎம்இஐ எண்ணும் போனில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிடங்கில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பவர் பேங்க், பேட்டரி: உப்பியிருந்தாலோ, சூடானாலோ, ஓட்டில் வெடிப்பு இருந்தாலோ, அதைக் கட்டாதீர்கள். சேதமடைந்த லித்தியம் பேட்டரி விமானத்தில் ஏறக்கூடாது என்பது சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விதி. சாதாரண கூரியர் பெட்டி எதில் ஏறும் என்று உங்களுக்கும் தெரியாது, பிக்கப் தம்பிக்கும் தெரியாது. படம் எடுத்து, 'பேட்டரி உப்பியிருக்கிறது' என்று தெளிவாக எழுதி, எப்படி அனுப்ப வேண்டும் என்று நிறுவனத்தின் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை சார்ஜ் போடாமல், குத்தாமல், மெத்தை, திரைச்சீலை எதற்கும் பக்கத்தில் இல்லாமல் சிமெண்ட் தரையில் வையுங்கள். பல நிறுவனங்கள் படத்தைப் பார்த்தே பணத்தைத் திருப்பிவிடும்.

எண்ணெய், ஊறுகாய், ஷாம்பு போன்றவை உடைந்து வழிந்து வந்தால் பெரும்பாலும் திருப்பிக் கேட்கவே மாட்டார்கள். படம் மட்டும் போதும். கழுவிவிட்டு நிம்மதியாக இருங்கள். துணிக்குச் சொல்ல அதிகமில்லை: சீட்டை அறுக்காமல், வந்த கவரிலேயே.

மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் அனுப்பும் பெட்டிக்குத் தனி ஏற்பாடு வேண்டும். நெளிவு அட்டை ஈரக்காற்றிலேயே தளர்ந்துவிடும், நனையவே வேண்டாம். இந்தப் பேட்டையில் பிக்கப் வருவது பெரும்பாலும் இரண்டு சக்கர வண்டியில், முதுகுப் பையிலோ பின்சீட்டிலோ. மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட சாலைகளில், ஜிபி ரோடு தண்ணீரில், அந்தப் பெட்டி உங்கள் வீட்டிலிருந்து மையம் போவதற்குள் ஒரு தூறலையாவது பார்க்கும். பொருளை முதலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை ஒட்டிவிட்டு, அப்புறம் பெட்டிக்குள் வையுங்கள். கவர் பெட்டிக்கு வெளியே இருந்தால் லேபிள் படிக்க முடியாமல் போகும். லேபிளின் மேல் மட்டும் ஒளிபுகும் டேப்பை ஒட்டுங்கள், ஆனால் பார்கோடின் மேல் சுருக்கம் விழாமல்.

பிக்கப் தம்பி வரும் நாள்

தரச்சோதனை உள்ள பிக்கப் என்றால், அவர் வருவதற்கு முன் பெட்டியை ஒட்டிவிடாதீர்கள். இதை அறியாத வீடுகளில் தினமும் நடக்கும் உரையாடல்:

"அக்கா, ஓபன் பண்ணிக் காட்டணும்கா."

"இப்பதான் தம்பி கஷ்டப்பட்டு ஒட்டினேன்."

"ஆப்ல போட்டோ எடுத்தாத்தான் அக்கா எடுக்க முடியும். சீரியல் நம்பர் பாக்கணும்."

ஒட்டின டேப்பைக் கிழித்தால் அட்டையும் கிழியும். அவருக்கு அடுத்த வீடு அவசரம். இரண்டாம் முறை ஒட்டுவது அரைகுறையாக இருக்கும். எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி, மூடியை மட்டும் திறந்து வைத்து, டேப்பையும் கத்திரியையும் பக்கத்தில் தயாராக வையுங்கள். அவர் பார்த்து முடித்ததும் அவர் கண்ணெதிரே ஒட்டுங்கள். அவர் தன் பையில் போட்டு முத்திரையிட்டால் அந்தப் பையின் பார்கோடைப் படம் எடுங்கள். ஓடிபி கேட்டால், பொருள் அவர் கைக்குப் போன பிறகு சொல்லுங்கள், முன்னால் அல்ல. 'பெற்றுக்கொண்டோம்' என்ற குறுஞ்செய்தி வரும்வரை அவரைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பதில் தவறில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் நிறுத்துவதும் மரியாதையாக இருக்கும்.

பெட்டியின் ஓரம் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது என்று அவர் எடுக்க மறுத்தால் அவரோடு சண்டை போடாதீர்கள். செயலியில் அவருக்கு இருப்பது ஆம், இல்லை என்ற இரண்டு பொத்தான்கள்தான். அவர் என்ன காரணம் பதிவு செய்தார் என்பதைக் கேட்டு, பெட்டி அப்படியேதான் வந்தது என்ற படத்தோடு சேவை மையத்துக்கு எழுதுங்கள். முதல் நாள் எடுத்த ஆறு பக்கப் படம் இப்போது உதவும்.

இன்னொரு வகை உண்டு: திறந்து பார்த்து வாங்கும் டெலிவரி. அதில் உங்கள் முன்னாலேயே பெட்டியைத் திறந்து காட்டிய பிறகுதான் ஓடிபி கேட்பார்கள். வெளிப்படையாகத் தெரியும் உடைப்பை அப்போதே சொல்லித் திருப்பிவிட வேண்டும். ஓடிபி கொடுத்த பிறகு வெளிச்சேதத்துக்குப் புகார் கடினம். லிஃப்ட் இருட்டில் நின்று வாங்காமல், வெளிச்சத்தில் ஒரு சுற்றுப் பார்த்து வாங்குங்கள்.

நீங்களே அனுப்ப வேண்டியிருந்தால்

600014 போன்ற நடுநகரப் பின்கோடுக்குப் பிக்கப் வராமல் போவது அரிது. ஆனால் சிறு கடைகள், குறிப்பாகக் கைவினைப் பொருள் விற்கிறவர்கள், 'நீங்களே கூரியர் பண்ணுங்க, காசு தருகிறோம்' என்பார்கள். எவ்வளவு வரை தருவார்கள் என்பதை முதலில் எழுத்தில் கேளுங்கள். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பலரும் 5000ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டு கிலோ பொம்மையை 40க்கு 30க்கு 30 பெட்டியில் வைத்தால் கணக்கில் 7.2 கிலோ. ஐந்து சென்டிமீட்டர் மெத்தை வேண்டும் என்று சொன்னேன், பத்து வேண்டும் என்று சொல்லவில்லை.

அஞ்சலகத்தில் ஸ்பீட் போஸ்ட் 35 கிலோ வரை எடுப்பார்கள். அனுப்புநர் முகவரியில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். சாலைக்கு அவ்வை சண்முகம் சாலை என்று எழுதினால் பக்கத்தில் லாயிட்ஸ் ரோடு என்றும் எழுதுங்கள். பெட்டி திரும்பி வர நேர்ந்தால் வழி தெரிய வேண்டும். உள்ளேயும் ஒரு தாள்: ஆர்டர் எண், உங்கள் பெயர், தொலைபேசி, உடைப்பு என்ன என்று இரண்டு வரி. வெளி லேபிள் கிழிந்து போனாலும், கிடங்கில் திறப்பவருக்கு அந்த இரண்டு வரி போய்ச்சேரும்.

பெட்டி போய்விட்டது, இப்போது?

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'நிறம் பிடிக்கவில்லை' என்று திருப்புகிறவரிடம் அசல் பெட்டி கேட்பது நியாயம். கடைக்காரர் அதை மறுபடி விற்க வேண்டும். உடைந்து வந்த பொருளுக்கு அந்த நியாயம் பொருந்தாது. அங்கே பெட்டி உங்கள் உரிமைக்கு நிபந்தனை இல்லை, அதற்கான சாட்சி. சாட்சி தொலைந்தால் வழக்கு பலவீனப்படும், செத்துவிடாது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. பில்லில் சொன்ன கெடுவுக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் இன்னும் நேராகப் பேசுகின்றன: பொருள் குறையுள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால், தளத்தில் விற்பவர் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக்கூடாது. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் முன்பே தெரிவிக்க வேண்டும். எனவே பெட்டி இல்லையென்று முதல் சாட் பெட்டியில் வரும் மறுப்போடு நின்றுவிடாதீர்கள். பொருத்தமான வேறு பெட்டியில், மேற்சொன்னபடி கட்டிவைத்து, அதன் படத்தோடு, 'உடைந்த நிலையில் வந்தது. வேறு பெட்டியில் பாதுகாப்பாகக் கட்டியிருக்கிறேன். எடுத்துக்கொள்ளவும்' என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். சாட் மறைந்துவிடும், மின்னஞ்சல் நிற்கும்.

ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாதாரண சேவை மையத்தோடு பத்து முறை பேசுவதைவிட இவருக்கு ஒரு கடிதம் மேல். அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதற்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் குருகிராமில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். சென்னைக்காரர்கள் பார்க் டவுன் வரை போனால் போதும், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் பதியலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, காலக்கெடு இரண்டு ஆண்டு. எண்ணூறு ரூபாய் டம்ளர் செட்டுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. 1915 வரை போவதற்குச் செலவு ஒன்றுமில்லை, பல புகார்கள் அங்கேயே முடிகின்றன.

திருப்பி அனுப்பிய பிறகு, பணம் வருவதற்கு முன் உள்ள சில நாட்களில் ஒரு தொலைபேசி வரலாம். 'ரீஃபண்ட் டிபார்ட்மெண்ட்' என்பார்கள். உங்கள் ஆர்டர் எண்கூடச் சொல்வார்கள். பிராண்ட் பெட்டியில் குறை இருக்கிறது, ஒரு ரூபாய் கட்டிச் சரிபாருங்கள், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து யுபிஐ பின்னைப் போடுங்கள் என்பார்கள். பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. வைத்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டுப் பணம் போயிருந்தால், உடனே 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டுவதற்குள் முடக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.